சிவில், சுற்றுச்சூழல் பொறியியலில் முதுநிலைப் பட்டம்: டெல்டா மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி பக்கத்தில் சிவில் முடிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் மேற்படிப்பு பற்றிக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம். ஆய்வேடு பற்றிய பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். தகுதி, தேர்வு, கட்டணம் எல்லாம் யாரிடம் கேட்டாலும் தெரிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் என்ன செய்யப் போகிறோம் என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விதிகளும் தொகைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே கடைசிச் சொல்லாகக் கொள்ளுங்கள்.

எம்.இ., எம்.டெக்., எம்.எஸ். மூன்றும் ஒன்றுதானா?

எம்.இ., எம்.டெக். இரண்டுக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை. அண்ணா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் சிவில் துறைப் படிப்புகளுக்கு எம்.இ. என்கின்றன, ஐ.ஐ.டி.க்களும் என்.ஐ.டி.க்களும் எம்.டெக். என்கின்றன. வேலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ போகும்போது எது என்று யாரும் பார்ப்பதில்லை.

சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் தரும் எம்.எஸ். வேறு வகை. அதில் வகுப்புப் பாடங்கள் குறைவு, ஆராய்ச்சிதான் பெரும்பகுதி. நேர்காணல் வைத்து எடுப்பார்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறோம் என்று ஓரளவாவது தெரிந்தவர்களுக்கு அது பொருந்தும்.

சேர அடிப்படைத் தகுதி என்ன?

நான்கு ஆண்டு பி.இ. அல்லது பி.டெக். பட்டம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 45 விழுக்காடு இருந்தால் விண்ணப்பிக்கலாம். என்.ஐ.டி.க்களுக்கான சி.சி.எம்.டி. என்ற மத்தியக் கலந்தாய்வு கொஞ்சம் கண்டிப்பானது: பொது, ஓ.பி.சி. பிரிவினருக்கு 60 விழுக்காடு அல்லது 6.5 சி.ஜி.பி.ஏ.; எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 55 விழுக்காடு அல்லது 6.0. வயது வரம்பு பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். முதுநிலைச் சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் தேர்வுக்கு வயது வரம்பே கிடையாது.

கடைசி செமஸ்டரில் இருக்கிறேன், ஓர் அரியரும் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுத அனுமதி உண்டு. ஆனால் சேர்க்கையின்போது சொல்லப்படும் கெடுவுக்குள் பட்டத்தை முடித்ததற்கான சான்று வேண்டும். இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல மதிப்பெண்ணாக இருந்தாலும் இடம் கைநழுவும். ஆக, முதலில் அரியரைத் தொலையுங்கள்.

கட்டாயம் சிவில்தான் படித்திருக்க வேண்டுமா?

கட்டமைப்புப் பொறியியல், மண்ணியல் பொறியியல் போன்றவற்றுக்கு ஏறக்குறைய ஆம். கட்டட இயக்கவியலும் ஆர்.சி.சி. வடிவமைப்பும் படிக்காமல் அங்கே போய் உட்கார முடியாது.

சுற்றுச்சூழல் பொறியியலும் நீர்வளப் பொறியியலும் சற்றுத் தாராளமானவை. கெமிக்கல் படித்தவர்களைச் சுற்றுச்சூழல் பிரிவில் பல இடங்களில் சேர்க்கிறார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் பாதி வேதிவினையும் நுண்ணுயிரியும்தான் என்பதால் அவர்கள் சிவில் மாணவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. திருச்சி மாவட்டம் குமுளூரில் வேளாண் பொறியியல் படித்தவர்களுக்கு மண், நீர்ப் பொறியியலில் எம்.டெக். என்ற தனிப் பாதை இருக்கிறது. எந்தப் பட்டத்துக்கு எந்தப் பிரிவு என்ற அட்டவணையை ஒவ்வொரு கலந்தாய்வும் வெளியிடும். நண்பர் சொன்னதை நம்பாமல் அந்த அட்டவணையைப் பாருங்கள்.

சீட்டா எழுதினால் போதும்தானே? கேட் எதற்கு?

ஊரில் உள்ள கல்லூரியில் ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றால், சீட்டா போதும். முன்பு டான்செட் வழியாக நடந்த எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு 2023 முதல் அண்ணா பல்கலைக்கழகம் சீட்டா பி.ஜி. என்ற தேர்வை நடத்துகிறது. பொறியியல் கணிதம், அடிப்படைப் பொறியியல், உங்கள் துறைப் பாடம் என்று மூன்று பகுதிகள் இருக்கும். அதை எழுதி, டான்கா என்ற தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் இடம் பெறலாம்.

ஆனாலும் கேட் எழுதுங்கள் என்றே சொல்வேன். இதற்குக் காரணங்கள் உண்டு. டான்கா கலந்தாய்விலேயே கேட் மதிப்பெண் உள்ளவர்களைத்தான் முதலில் அழைக்கிறார்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கதவுகள் அதற்கு மட்டுமே திறக்கும். கேட் வைத்துச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. சீட்டா வைத்துச் சேர்ந்தால் அது இல்லை. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இருவரில் ஒருவர் உதவித்தொகை வாங்க, மற்றவர் கடன் வாங்கும் நிலை இதனால்தான் வருகிறது. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால், ஒருமுறை நன்றாக எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டு வந்தும் சேரலாம்.

கேட் தேர்வு எப்படி இருக்கும்?

மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண், கணினி வழித் தேர்வு. அதில் 15 மதிப்பெண் பொதுத் திறனறிவு, ஏறத்தாழ 13 மதிப்பெண் பொறியியல் கணிதம். ஒரே ஒரு விடையைத் தெரிவு செய்யும் வினாக்களில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். எண்ணை நேரடியாக உள்ளிடும் வினாக்களில் குறையாது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் ஏழு ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து நடத்துகின்றன. வழக்கமாக ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு.

2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் என்று தனித் தாள் வந்திருக்கிறது. இரண்டு தாள் எழுதவும் அனுமதிக்கிறார்கள். சிவில் மாணவர் எதை எழுதுவது? சிவில் தாளையே முதலில் எழுதுங்கள். சுற்றுச்சூழல், நீர்வளம், கட்டமைப்பு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் அது செல்லும். சுற்றுச்சூழல் தாளைச் சுற்றுச்சூழல் சார்ந்த பிரிவுகள் மட்டுமே ஏற்கும், அங்கும் எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதில்லை.

தமிழ் வழியில் படித்தேன். சமாளிக்க முடியுமா?

அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. அப்படிப் படித்தவர்களும், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கேட் சிவில் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். கணக்குகள் என்பதால் மொழி அங்கே பெரிய தடை இல்லை. இடிக்கும் இடம் வேறு: ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பதும், எண்பது பக்க ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுவதும். அதற்கு முதல் செமஸ்டரிலிருந்தே வாரம் ஒரு கட்டுரை படித்து, ஒரு பக்கம் எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எழுதிக் கொடுக்கிறேன் என்று பணம் வாங்குபவர்களிடம் போகாதீர்கள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எங்கள் பகுதியிலேயே படிக்க முடியுமா, சென்னைக்குப் போக வேண்டுமா?

டெல்டாவின் தலைமாட்டில், துவாக்குடியில், திருச்சி என்.ஐ.டி. இருக்கிறது. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-ல் என்.ஐ.டி. ஆனது. அதன் சிவில் துறையில் கட்டமைப்பு, போக்குவரத்து, சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.டெக். உண்டு. தஞ்சாவூர் அருகே திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா, கொள்ளிடத்துக்கு அக்கரையில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இவை தவிர எம்.இ. நடத்தும் தனியார் கல்லூரிகள் சில.

நீர்வளத்தில் ஊன்றி நிற்க வேண்டும் என்றால் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இயங்கும் நீர்வள மையத்தையும், சென்னை ஐ.ஐ.டி. சிவில் துறையின் சுற்றுச்சூழல் மற்றும் நீர்வளப் பிரிவையும் பாருங்கள். சென்னையில் படித்துக்கொண்டே டெல்டாவில் ஆய்வு செய்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

கல்லூரிப் பெயரைப் பார்க்குமுன் அந்தத் துறையில் யார் இருக்கிறார்கள், கடந்த சில ஆண்டுகளில் எம்.இ. மாணவர்கள் என்ன தலைப்பில் ஆய்வேடு எழுதினார்கள், ஆய்வகத்தில் கருவிகள் ஓடுகின்றனவா உறை போட்டு வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். சுற்றுச்சூழல் ஆய்வகத்துக்குள் நுழைந்து, கடைசியாக எப்போது பி.ஓ.டி. என்ற நீர் மாசுப் பரிசோதனை செய்தீர்கள் என்று அங்குள்ள ஆய்வக உதவியாளரிடம் கேளுங்கள். பட்டியல் தரம், நட்சத்திரக் குறி எல்லாவற்றையும்விட அவர் சொல்லும் பதில் உதவும்.

செலவு எவ்வளவு ஆகும்? உதவித்தொகையை நம்பிச் சேரலாமா?

அரசு, தனியார், நிகர்நிலை என்று கட்டணம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். உதவித்தொகைக் கணக்கைச் சொல்லலாம்: மாதம் 12,400 வீதம் 24 மாதங்களுக்கு 2,97,600 ரூபாய். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தாலும் இது உண்டு. சேரும்போது கேட் மதிப்பெண் செல்லுபடியாக வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. ஆனால் பணம் மாதாமாதம் தேதி தவறாமல் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் தவணை வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரைக்கான விடுதிக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டே சேருங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகையும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் இளநிலைப் படிப்புக்கானவை. எம்.இ.க்கும் கிடைக்கும் என்று நம்பி வந்து ஏமாறுபவர்கள் உண்டு. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்விக் கடன் நான்கு லட்சம் வரை மார்ஜின் தொகை, அதாவது நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, கேட்கமாட்டார்கள். ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டில் என்னென்ன முடிக்க வேண்டும்?

நான்கு செமஸ்டர். முதல் இரண்டில் பாடங்களும் ஆய்வகமும், மூன்றிலும் நான்கிலும் பெரும்பாலும் ஆய்வுத் திட்டம். வருகைப்பதிவு 75 விழுக்காடு கட்டாயம். அண்ணா பல்கலைக்கழகத்தில் முதுநிலைத் தேர்ச்சிக்கு 50 மதிப்பெண் வேண்டும்.

ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தம் 68 கிரெடிட். அதில் ஆய்வேட்டின் முதல் கட்டத்துக்கு 10, இரண்டாம் கட்டத்துக்கு 16. ஆக 26 கிரெடிட், ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இதைக் கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்கிறது என்றாலும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. வேறு எந்த ஒரு பாடத்தையும் போல இதைக் கடைசி வாரத்தில் படித்து ஒப்பேற்ற முடியாது. அப்படியிருந்தும் பெரும்பாலோர் இரண்டாம் செமஸ்டர் தேர்வு முடிந்து ஊருக்கு வந்து, திரும்பிப் போகிற பஸ்ஸில்தான் தலைப்பைப் பற்றி யோசிக்கிறார்கள்.

ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் எதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உமிச் சாம்பல் கலந்த கான்கிரீட். நெல் விளையும் பகுதியில் பிறந்த எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பத்து, இருபது, முப்பது விழுக்காடு கலந்து கனசதுரம் வார்த்து, 28-ஆம் நாள் உடைத்து, பத்து விழுக்காட்டில் வலிமை கூடியது என்று எழுதப்பட்ட ஆய்வேடுகளால் நூலகங்கள் நிரம்பியிருக்கின்றன. புதிதாக ஒரு கேள்வி இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சாம்பல் வயலிலேயே இருக்கட்டும்.

டெல்டாவில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிகிறது. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மறுபடி பிரிகிறது, கோரையாறும் பாமணியாறும் அதிலிருந்து கிளைக்கின்றன. தலைப்பில் திறந்த நீரில் எவ்வளவு கடைமடைக்குப் போய்ச் சேர்கிறது, எங்கே கசிகிறது, எந்த மதகு மூடாமல் நிற்கிறது? ஒரே ஒரு வாய்க்காலை எடுத்துக்கொண்டு, தலைப்பிலும் நடுவிலும் கடைசியிலும் நீரோட்டத்தை அளந்தால் நேர்மையான ஓர் ஆய்வேடு வந்துவிடும்.

மழைக்காலத்தில் அதே நிலம் எதிர்த் தொல்லை தருகிறது. வெண்ணாற்றுப் பகுதியின் கீழ்க்கோடியில் நீர் வடிய நிலத்தில் சாய்வே இல்லை. வடிகால் ஆறுகளில் கடல் ஓதம் எதிர்த்து நிற்கும்போது வயல் நீர் வடிய நாள்கணக்காகிறது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் ஒரு வடிகாலை எடுத்து, ஓதத்தையும் மழையையும் சேர்த்து மாதிரிக் கணக்குப் போடுவது நீர்வள மாணவருக்கு நல்ல வேலை. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது சுற்றுச்சூழல் மாணவருக்கானது. மின்கடத்து திறனும் குளோரைடும் அளக்கப் பெரிய கருவி வேண்டாம். மாதம் தவறாமல் போய் அளக்கிற பொறுமைதான் வேண்டும்.

புழுங்கல் அரிசி ஆலைகளை யாரும் கண்டுகொள்வதில்லை. நெல்லை ஊறவைத்து வடிக்கும் நீரில் கரிமச் சுமை அதிகம். புளித்த நாற்றத்தோடு அது வாய்க்காலுக்கு வருவதைத் தெருவில் நடப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்த நீரைக் காற்றில்லா முறையில் சுத்திகரித்து எவ்வளவு வாயு எடுக்கலாம் என்று ஆய்வகத்திலேயே பார்க்கலாம். நிலத்தடி நீர் மேலாக நிற்கும் ஊர்களில் செப்டிக் டேங்குக்கும் கைப்பம்புக்கும் இடையே பத்தடி கூட இல்லாத வீடுகள் இன்னொரு பொருள்.

கட்டமைப்பும் மண்ணியலும் படிப்பவர்களுக்கு 2018 ஆகஸ்டே ஒரு பாடப் புத்தகம். அந்த மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய அணை அது. அதே வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும் தூண்கள் சாய்ந்து வீழ்ந்தது. ஆற்றுப் படுகை தாழ்ந்துபோனால் அடித்தளத்தைச் சுற்றி மண் எப்படி அரிக்கும், மணல் அள்ளியதற்கு அதில் என்ன பங்கு, பழைய கொத்துவேலைத் தூண்களை எப்படிப் பரிசோதிப்பது என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

தலைப்பைச் சுருக்கத் தெரிய வேண்டும். "காவிரி டெல்டாவில் நீர் மேலாண்மை" என்று எழுதிக்கொண்டு வருபவரிடம் எந்த வழிகாட்டியும் பயப்படுவார். எந்த வாய்க்கால், எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை, எந்த மாதங்களில், என்ன அளக்கப் போகிறீர்கள்? இந்த நான்குக்கும் விடை இருந்தால் தலைப்பு தயார்.

களவேலையை எப்போது தொடங்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்காததால் செமஸ்டரை இழப்பவர்கள் நிறைய. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படும். அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். மூன்றாம் செமஸ்டர் ஜூலை, ஆகஸ்டில் தொடங்குகிறது. அப்போது ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், குறுவை நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நான்காம் செமஸ்டர் சூடு பிடிக்கும் பிப்ரவரியில் வாய்க்கால் வறண்டு கிடக்கும், பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள்.

ஓடும் நீரை அளக்கிற ஆய்வு என்றால் இரண்டாம் செமஸ்டர் முடிவதற்குள் தலைப்பு, வழிகாட்டி, அனுமதிக் கடிதம், கருவி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மண் மாதிரி எடுப்பது, படுகைக் குறுக்குவெட்டு அளப்பது, மதகுக் கட்டுமானத்தைப் பரிசோதிப்பது போன்றவற்றுக்கு மாறாகக் கோடைதான் சரியான காலம். கல்லூரி நாள்காட்டிக்கு ஏற்ப மேட்டூரைத் திறக்கமாட்டார்கள். பல துறைகளில் மூன்றாம் செமஸ்டர் முழுதும் நூலாய்வுக்கு என்று ஒதுக்கி, நான்காம் செமஸ்டரில்தான் களத்துக்கு அனுப்புகிறார்கள். டெல்டாவில் நீர் சார்ந்த ஆய்வுக்கு அந்த வரிசை ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. வழிகாட்டியிடம் பணிவாக இதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

தரவுகள் எங்கே கிடைக்கும்? அலுவலகங்களில் கொடுப்பார்களா?

பாதிக்கு மேல் வீட்டிலிருந்தே எடுக்கலாம். மழையளவுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை, நிலத்தடி நீருக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியம், ஆற்று நீருக்கு இந்தியா வ்ரிஸ் என்ற மத்திய நீர்வளத் தகவல் தளம், நில உறைக்கு லேண்ட்சாட், சென்டினல் செயற்கைக்கோள் படங்கள். இவற்றுக்குப் பணம் தேவையில்லை.

மதகு வாரியாகத் திறந்த நீர் அளவு போன்றவை நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகப் பதிவேடுகளில் இருக்கும். பொதுப்பணித் துறையோடு இருந்த இது 2021-ல் தனித்துறை ஆனது. பழைய பதிவேடுகளில் பழைய பெயரே இருக்கும், குழம்ப வேண்டாம். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு செயற்பொறியாளரைப் பார்த்தால் பெரும்பாலும் உதவுவார்கள். குறுவைத் திறப்பு வாரத்தில் மட்டும் போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. துவாக்குடியில் உள்ள பாசன மேலாண்மைப் பயிற்சி நிறுவனத்தையும் விசாரியுங்கள்.

அலுவலகப் பதிவேடு ஒன்று சொல்லும், மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் வேறொன்று சொல்வார். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறுபாடு வருகிற இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது.

என் மகள் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். வயல், வாய்க்கால் என்று தனியாக அலைய வேண்டியிருக்குமா?

அம்மாக்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். களத்துக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது, பையனாக இருந்தாலும் சரி. ஆற்றில் இறங்கி அளக்கும் வேலை இருவர் சேர்ந்து செய்ய வேண்டியது. காலையில் போய்ப் பகலில் திரும்பும்படி இடங்களைத் தேர்வு செய்வதும், ஊராட்சித் தலைவரிடமோ விவசாயச் சங்கத்தினரிடமோ முன்கூட்டிச் சொல்லிவிடுவதும் வழக்கம். ஆய்வகத்திலோ கணினியிலோ முழுதும் முடிகிற தலைப்புகளும் நிறைய உண்டு. ஆசையைத் தடுக்க இது காரணமாக வேண்டாம்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா?

பகுதிநேர எம்.இ. ஆறு செமஸ்டர். பணிச் சான்றும், அரசு ஊழியர் என்றால் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கேட் உதவித்தொகை கிடையாது. பகுதிநேரத்தில் சேர்பவர்களுக்கு ஒரு வசதி: தலைப்பு அவர்கள் கையிலேயே இருக்கும். தார்ச்சாலை போடுபவருக்குச் சாலை, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருப்பவருக்குக் குழாய்.

வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க என்ன வேண்டும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சிவிலும் சுற்றுச்சூழலும் ஒரே துறை. முதுநிலைக்குப் பொதுவாக 30 செமஸ்டர் கிரெடிட், அதாவது ஏறத்தாழ பத்துப் பாடங்கள். ஆண்டை நான்கு பருவமாகப் பிரிக்கும் ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் இது 45 அலகு, கணக்கு ஒன்றுதான். ஆய்வேடு எழுதும் பாதை, பாடம் மட்டும் படிக்கும் பாதை என்று இரண்டு பெரும்பாலும் இருக்கும். ஆய்வேடு என்றால் 30-ல் ஆறு கிரெடிட் வரை அதற்குப் போகும். படிக்கும் காலம் முழுதும் சராசரி 4-க்கு 3.0-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பரவலான விதி.

விண்ணப்பத்துக்கு மதிப்பெண் பட்டியல்கள், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நோக்க அறிக்கை, டோஃபல் அல்லது ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் வேண்டும். 2020-க்குப் பிறகு ஜி.ஆர்.இ. கேட்பதைப் பல துறைகள் நிறுத்திவிட்டன. சிவில் அல்லாத பட்டம் என்றால் பலமாறிக் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடு, திரவ இயக்கவியல் போன்றவற்றில் எது இல்லையோ அதைக் கூடுதலாகப் படிக்கச் சொல்வார்கள். அந்தக் கிரெடிட் பட்டத்தில் சேராது, கட்டணம் மட்டும் சேரும். பாடவழி எம்.எஸ்.க்கு உதவித்தொகை அரிது. ஐந்து ஏக்கரை அடகு வைத்துப் போகிற குடும்பங்கள் இதை எழுதி வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும்.

நோக்க அறிக்கையில் "சிறு வயதிலிருந்தே எனக்குச் சுற்றுச்சூழல் மீது ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். ஆற்றில் நீர் திறந்தும் உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வராததை, எண்களோடு, இரண்டு பத்தியில் எழுதுங்கள். படிக்கிற பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

ஜெர்மனியில் இலவசம் என்கிறார்களே?

அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, எல்லாவற்றிலும் அல்ல. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. முதுநிலை பொதுவாக 120 ஐரோப்பிய கிரெடிட், இரண்டு ஆண்டு. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், அது கைக்கு வர நாளாகும் என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். விசாவுக்கு ஓராண்டுச் செலவை, மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும்; 2024-ல் அது 11,904 யூரோ ஆனது.

எம்.இ. முடித்தால் அரசு வேலை கிடைக்குமா?

உதவிப் பொறியாளர் வேலைதான் குறி என்றால் எம்.இ. தேவையே இல்லை. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வுக்குப் பி.இ. போதும். அந்த இரண்டு ஆண்டை நேராகத் தேர்வுக்குப் படிப்பதில் செலவிடுங்கள். வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்கக் கூடாதே என்று எம்.இ. சேர்பவர்கள் வகுப்பையும் தேர்வுத் தயாரிப்பையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதுநிலை உண்மையிலேயே உதவும் இடங்கள்: கட்டமைப்பு வடிவமைப்பு நிறுவனங்கள், நீர் மற்றும் கழிவுநீர்த் திட்ட ஆலோசனை, 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தயாரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள், ஆராய்ச்சி, கற்பித்தல். பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். மேலே ஏற முனைவர் பட்டம் இல்லாமல் முடியாது. சம்பளம் கல்லூரிக்குக் கல்லூரி எப்படி என்பதை அங்கே வேலை செய்பவர்களிடமே கேளுங்கள்.

சேர்க்கைக்கு எந்தெந்தச் சான்றிதழ்களைத் தயாராக வைக்க வேண்டும்?

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும், தற்காலிகப் பட்டச் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கேட் அல்லது சீட்டா மதிப்பெண் அட்டை, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு. என்.ஐ.டி. கலந்தாய்வுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு வடிவத்தில், நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். மாநில அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அங்கே ஏற்கமாட்டார்கள். தாசில்தார் அலுவலகத்தில் இது கிடைக்க நாளாகும், ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.